ஏழு நிமிடப் படத்தில் என் அப்பா

சபரிநாதனைத் திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. மூன்று மாதமாகத் திட்டுகிறேன். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட வாய்க்குள் அவனுக்கு அர்ச்சனைதான். அவனைத் திட்டுவது சுலபம், அதனால்தான் திட்டுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

சபரிநாதன் குறும்படம் எடுப்பவன். காதல், பேய், கொலை எதுவும் அவனுக்கு வேண்டாம். கட்டடங்களை மட்டும் எடுப்பான். யாராவது புதுமாதிரியாக ஒரு வீடோ பள்ளிக்கூடமோ கட்டியிருந்தால் தேடிப் போய், ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று படமாக்கி யூடியூபில் போடுவான். என்னைப் போன்ற ஆர்க்கிடெக்டுகள் சோறு தின்னும்போதும் அதைத்தான் பார்ப்போம். அவன் படத்தில் ஒருவருடைய கட்டடம் வந்துவிட்டால், அதன்பிறகு அவர் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. சென்னையில் இன்னொருவர் ஆபீஸில், இன்னொருவர் பெயர் போட்ட வரைபடங்களில், கக்கூஸ் குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஏழு நிமிடம் எவ்வளவு பெரிது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எழில்மொழி என்ற என் பெயரில் அப்போது ஒரே ஒரு கட்டடம்தான் இருந்தது. கீழ்வேளூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வயலை ஒட்டி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் கட்டிக்கொடுத்த வீடு. கார்த்திகையில் தண்ணீர் ஏறும் என்பதால் நாலடி உயரத்தில் அடித்தளம். பூசாத செங்கல் சுவர். கான்க்ரீட்டுக்குள் ஓடுகளைப் பதித்து வார்த்த கூரை. மேற்குச் சுவர் முழுக்கச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தேன். மத்தியான வெயில் உள்ளே வராது, வயல் காற்று மட்டும் வரும்.

அம்மாவுக்கு அந்தச் சுவர்தான் பிடிக்கவில்லை. அம்மா பெயர் அம்சம். பெயர்தான் அம்சம், வாய் அப்படி இல்லை.

"என்னாடி இது, பூசாமயே வுட்டுட்ட? பாக்குறவன் என்னா சொல்லுவான்? காசு தீந்துபோயி பாதியில நிறுத்திட்டானுவன்னுதான் சொல்லுவான். காலம்பூரா மண்ணு செவுத்துல கெடந்தோம், இப்பவாச்சும் ஒரு ரோஸ் பெயிண்டு அடிச்சு பாக்கக் குடுத்து வைக்கலியே."

அப்பாதான் அடக்கினார். "படிச்ச புள்ளைக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு? சும்மா இரு."

அப்பா இராஜாங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருபத்தைந்து வருடம் கிளைச் செயலாளர். அரசாங்கம் பட்டா கொடுத்த மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், எங்களுக்கு உண்டு. அவர் தாத்தாவும் அப்பாவும் பண்ணையில் ஆளாக இருந்தே செத்தவர்கள். அப்பாவிடம் ஐந்து சட்டைகள் இருக்கின்றன, ஐந்தும் வெள்ளை. வயலில் மற்றவர்கள் வெற்றுடம்போடு இறங்குவார்கள். அப்பா சட்டையோடுதான் இறங்குவார். நாற்றங்காலில் நிற்கும்போதும் சட்டை, மடை திறக்கப் போனாலும் சட்டை. சேறு பட்டால் துவைத்துக்கொள்வார். ஊரில் சின்னப் பையன்கள்கூட "சட்டைக்காரரே" என்று கிண்டல் செய்வார்கள், அவரும் சிரிப்பார்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயதில், அவர் முதன்முதலில் சட்டை போட்டுக்கொண்டு மிராசுதார் தெரு வழியாகப் போனார். தோளில் துண்டு. சட்டையைக் கழற்று, துண்டை எடுத்து இடுப்பில் கட்டு என்றார்கள். அவர் கழற்றவில்லை, கட்டவுமில்லை. வண்டிக் கம்பால் அடித்தார்கள். சட்டை கிழிந்து தோள் பிளந்தது. இடது தோளில் அந்தத் தழும்பு இன்னும் விரல் நீளத்துக்கு இருக்கிறது. அதை நான் பார்த்ததே இரண்டு மூன்று முறைதான்.

இதெல்லாம் சென்னை ஆபீஸில் யாருக்கும் தெரியாது. "சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்பேன். "நிலமெல்லாம் இருக்கா?" என்பார்கள். இருக்கிறது என்பேன். பொய்யில்லையே! அதற்கு மேல் அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள்: தேக்குத் தூண், ஊஞ்சல், நெல் குதிர். அவர்கள் கற்பனை செய்துகொள்ளட்டும் என்று பத்து வருடம் விட்டுவிட்டேன். ஒருநாள்கூட இல்லை என்று சொல்லவில்லை. வெட்கங்கெட்டவள் நான்.

கார்த்திகை மாதம், சம்பா பச்சை கட்டி நின்ற நேரத்தில், சபரிநாதன் ஒரு வேனும் இரண்டு உதவியாளர்களுமாக வந்து இறங்கினான். அப்பா வாசலுக்கே போய்க் கைகூப்பி அழைத்து வந்தார். அம்மா அன்று வாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டவன், கையைத் துடைத்ததும் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தான். பிளாஸ்டிக் நாற்காலி வெளியே போனது. டிவி போனது. காலண்டர் போனது. பீரோவைத் தூக்க முடியாமல் துணி போட்டு மூடினார்கள். கொடியில் காய்ந்த துணிகளைச் சுருட்டி மாட்டுக்கொட்டகையில் போட்டார்கள். நீல நிறத் தண்ணீர் ட்ரம்மைப் பார்த்து சபரிநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மனுசன் குடியிருக்குற வீடு மாதிரியே இல்லியே," என்றாள் அம்மா. "எழவு வுழுந்த வீடு மாதிரில்ல இருக்கு."

"அப்டித்தாம்மா எடுப்பாங்க. வீடுதான் தெரியணும்," என்றேன் நான்.

முதல்நாள் வீட்டை மட்டும் எடுத்தார்கள். சாயங்காலம் சபரிநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"எழில், ஃப்ரேம்ல ஒரு ஆள் வேணும். ஆள் இல்லாட்டி சுவர் எவ்ளோ உயரம்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது. உங்க அப்பா வயல்லேருந்து வரப்பு மேல நடந்து வந்து படி ஏறட்டும். முகமே வேண்டாம், நடந்தாப் போதும்."

அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து காட்டினார். சபரிநாதன் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வெள்ளைச் சட்டை எரியுது பாருங்க. செங்கல்லு, மண்ணு, வயல், எல்லாம் ஒரு டோன்ல இருக்கு, சட்டை மட்டும் தனியாக் கத்துது. வேற கலர் இருக்கா?"

"எல்லாமே வெள்ளைதான்."

"அப்போ கழட்டிறச் சொல்லுங்களேன். அவர் ஸ்கின் டோனும் உங்க செங்கல்லும் ஒண்ணா இருக்கு. ரெண்டும் ஒரே மண்ணு. படமே அதுதான்."

அவன் வாயில் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. "அவர் சட்டை கழட்ட மாட்டார்" என்று சொல்லவாவது செய்தேனா? அதுவும் இல்லை. "காலையில கேட்டுப் பாக்கறேன்" என்றேன். ஏன் அவர் கழற்ற மாட்டார் என்று சொன்னால், தேக்குத் தூணும் ஊஞ்சலும் போய்விடுமே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அப்பா சட்டையும் துண்டுமாக, மண்வெட்டியோடு தயாராக நின்றார். தலையைப் படிய வாரியிருந்தார். நான் போய்ச் சொன்னேன். வெளிச்சம், டோன், செங்கல் என்று என்னென்னவோ சொன்னேன். நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"இது அவரு கேக்குறாரா, நீ கேக்குறியா?"

"நான்தாம்ப்பா கேக்கறேன்."

அவர் பட்டன்களைக் கழற்றினார். சட்டையை மடித்துத் திண்ணையில் வைத்தார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே அம்மா ஒரு குண்டானைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. "வூட்ட எடுக்க வந்தானுவளா, வூட்டுக்காரர உரிக்க வந்தானுவளா?" என்று கத்தினாள். சபரிநாதனுக்கு அது காதில் விழுந்தது. சிரித்தான்.

இதுவரைக்கும் சபரிநாதன் பேரில் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது என் கணக்கு. துண்டு தோளில் கிடந்ததில் உடம்பு பாதி மறைந்தது. சபரிநாதன் அதைக் கவனிக்கவே இல்லை. ஒளிப்பதிவாளரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். செங்கல் சுவர், அதே நிறத்தில் ஒரு முதுகு, குறுக்கே வெள்ளையாக ஒரு துண்டு. அந்தத் துண்டு இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் வாய் திறந்து சொல்லிவிட்டேன்.

"அப்பா, துண்ட இடுப்புல கட்டிக்குங்க."

யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏழு தடவை நடந்தார். ஏழாவது தடவை சபரிநாதன் கிட்டே ஓடிப்போய், காமிராவைத் தோளருகே கொண்டுபோகச் சொன்னான். "இந்தத் தழும்பு என்ன டெக்ஸ்ச்சர் பாருங்க! செங்கல் இடுக்கு மாதிரியே இருக்கு," என்றான். அப்பா படியேறி உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ போடச் சொன்னார்.

படம் பிப்ரவரியில் முடிந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கட்டடக் குறும்பட விழா நடத்தினார்கள். பத்துப் படங்கள் தேர்வாகியிருந்தன, எங்கள் படமும் அதில் ஒன்று. சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆர்க்கிடெக்ட் நடுவராக வருகிறார் என்றார்கள். அவர் பெயர் சொன்னால் எங்கள் தொழிலில் எழுந்து நிற்பார்கள். அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்னேன்.

"அந்தக் கண்றாவிய நான் பாக்க மாட்டேன்," என்று அம்மா போனை வைத்துவிட்டாள். அப்பா மட்டும் காலை ரயிலேறி வந்தார். புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் முன்வரிசையில் சபரிநாதனோடு உட்கார வேண்டியிருந்ததால், அவரை ஆறாவது வரிசையில் ஓரமாக உட்காரவைத்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாத் தெரியுது, நீ போ," என்றார்.

படம் ஓடியது. என் சுவரை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. ஓட்டை வழியாக வெளிச்சம் தரையில் விழுந்து நகர்ந்தது. பின்னணியில் வீணை. பிறகு வரப்பில் அப்பா வந்தார். வெற்றுடம்பு, இடுப்பில் துண்டு, தோளில் மண்வெட்டி, குனிந்த தலை, படியில் ஒரு கணம் நிமிர்ந்த முகம். திரை முழுக்கத் தழும்பு, அதிலிருந்து மெல்லச் செங்கல் இடுக்கு. ஹாலில் "ஆஹா" என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பெருமையில்தான் சிலிர்த்தது.

படம் முடிந்ததும் என்னையும் சபரிநாதனையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடுவர் மைக்கைப் பிடித்தார். இந்தப் பகுதி நிலக்கிழார் குடும்பங்களுக்கு இருக்கும் ரசனையே தனி என்றார். பூசாத சுவருக்குச் சம்மதித்த க்ளையன்ட் கிடைப்பது அதிர்ஷ்டம் என்றார். டைட்டிலில் 'உரிமையாளர்: இராஜாங்கம்' என்று பார்த்தாராம், அந்த மனிதரைச் சந்திக்க ஆசையாக இருக்கிறதாம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெரியவர் யாரும்மா? மண்வெட்டியோட வர்றாரே. பண்ணை ஆளா?"

"ஆமா சார். அங்க வேலைக்கு இருக்கறவர்," என்றேன்.

அவர் கேள்வியை முடிப்பதற்குள் என் பதில் வந்துவிட்டது. பக்கத்தில் சபரிநாதன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றவன். அவனும் வாயைத் திறக்கவில்லை.

விழாவை நடத்திய பேராசிரியர் ஷமீரா ஆறாவது வரிசையைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார். "அட, அவரே வந்திருக்கார் போலயே! ஐயா, நீங்கதானே? மேடைக்கு வாங்க ஐயா, வாங்க."

அப்பா எழுந்தார். ஓரத்துப் படியில் பார்த்துப் பார்த்து ஏறி வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே நாலடி இருக்கும். ஒரு வார்த்தை, 'அப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேராசிரியர் பொன்னாடை போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"வீட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா," என்று மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள்.

சங்கத்தில் ஆயிரம் பேர் முன்னால் பேசியவர் அப்பா. மைக் அவருக்குப் புதிதில்லை. ஆனால் அன்று மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நடுவரைப் பார்த்துப் பேசினார்.

"வணக்கமுங்க. நல்ல வீடுங்க. மழைக்கி ஒழுவாது, வெயிலுக்குக் காயாது. அந்தம்மா ரொம்பப் படிச்சவங்க. அவங்க பொறந்த நாள்லேருந்து அவங்க வீட்டுலதாங்க இருக்கேன். என்னைய நல்லா வச்சிருக்காங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

ஹால் அதிர்ந்தது. நடுவர் எழுந்து வந்து அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இந்த விசுவாசத்தை எல்லாம் இனிமே எங்க பாக்கப் போறோம்!" என்று என்னிடம் சொன்னார். முதல் பரிசு எங்களுக்குத்தான். என் கையில் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, கூடவே விசிட்டிங் கார்டும் கொடுத்தார். திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொன்னார், கும்பகோணம் பக்கம் ஒரு ரிசார்ட் வேலை இருக்கிறதாம்.

நான் அன்று சென்னைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சாயங்காலக் காரைக்கால் ரயிலில் அப்பாவோடு ஏறினேன். ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தார். வாட்டர் பாட்டிலைத் திறந்து எனக்கு நீட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் பார்க்க ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல் விலை என்ன ஆனது, உரம் கிடைக்கவில்லை, இதைத்தான் பேசினார்.

நீடாமங்கலத்தில் வண்டி நின்றது. எதிர்வண்டிக்காகக் கால்மணி நேரம் நிற்கும் என்றார்கள். பெட்டியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அப்பா, பயந்துட்டேம்ப்பா. அந்த ஆள் அப்டி கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியாம..."

"அழுவாத. கண்ணத் தொடச்சிக்க."

"சட்டையக் கழட்டச் சொன்னேனே, துண்ட இடுப்புல கட்டச் சொன்னேனே, அதெல்லாம்..."

"அத வுடு," என்றார். வாட்டர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை. சங்கத்தில் வரவு செலவுக் கணக்குக்கு விளக்கம் சொல்லுவாரே, அந்தக் குரலில்தான் சொன்னார்.

"சட்டையக் கழட்டச் சொல்றதுக்கு முந்தி நீ ராத்திரி பூரா தூங்கல எழிலு. பாயில பொரண்டுகிட்டே கெடந்த. நான் பாத்துகிட்டுதான் படுத்திருந்தேன். எம் புள்ளைக்கு மனசு வரல, கஷ்டப்படுதுன்னு தெரிஞ்சிச்சு. அதனாலதான் காலையில நீ கேட்டதும் கழட்டிட்டேன். இன்னிக்கி அந்தாளு கேட்டாரு. நீ யோசிக்கவே இல்லியேம்மா."